கழுத்து வரைக்கும் பட்டன்

தோலைக் கையால் தடவியே எங்கே குறை என்று சொல்வதுதான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் என் வேலை. அப்படிப்பட்டவளுக்குப் பெற்ற பிள்ளையின் கழுத்தில் இருந்த கட்டி தெரியாமல் போச்சுன்னா நம்புவீங்களா? என்னை மாதிரி ஓ.பி. சீட்டோடு அலையும் அம்மாக்கள் நம்புவீங்க.

மடிப்பு

மூணு மாசம் வரை என் மகள் ஜெனிக்குக் கழுத்தே கிடையாது, வெறும் மடிப்புதான். இடது பக்கம் ஒரு மடிப்பு ஜாஸ்தி. கொழுகொழுன்னு இருக்கிறாள் என்று பெருமையாகப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை பார்க்க வந்த கலா, என்கூட அதே டேபிளில் வேலை செய்கிறவள், கன்னத்தைக் கொஞ்சிக்கொண்டே கழுத்துக்கு வந்தாள். விரல் நின்றுவிட்டது. "இன்னாடி, இங்க மட்டும் மெத்துன்னு இருக்குது? நீயெல்லாம் செக்கிங்ல இருக்கே!"

சங்கிலி

பக்கத்து வீட்டு நசீமா அக்கா, பொன்னுக்கு வீங்கி என்றார்கள். அதற்குத் தங்கம் போட்டால் வடியும் என்பது எங்கள் தெரு வைத்தியம். தன் மகள் சங்கிலியையே கழட்டிப் போட்டார்கள். பத்து நாள் காத்திருந்தேன். அப்புறம் சளி பிடித்தது. ரெண்டே நாளில் கட்டி எலுமிச்சம்பழம் அளவு ஆகி, பால் குடிக்கும்போது மூச்சு கர்கர் என்றது. சங்கிலியை அக்காவே கழட்டினார்கள். "தங்கமும் வேணாம், ஒண்ணும் வேணாம். வேலூருக்குக் கிளம்புடி, நானும் வர்றேன்."

டார்ச்

வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா லைட்டை அணைத்துவிட்டுக் கட்டிமேல் டார்ச்சை வைத்தார். கட்டி முழுக்கச் சிவப்பு பல்பு மாதிரி எரிந்தது. ஒரு நிமிஷம் அழகாகத்தான் இருந்தது, சொல்ல வெட்கம். உள்ளே தண்ணி, வயிற்றில் இருக்கும்போதே வந்த நீர்க்கட்டி, மூச்சுக்குழாய்வரை போயிருக்கா என்று ஸ்கேனில் பார்க்கணும் என்றார். தடவித் தடவி நான்தான் கெடுத்தேனா என்று கேட்டேன். "உன்னால வரலம்மா. ஆனா மூச்சு இழுத்தா சளின்னு வீட்டுல வெச்சிக்காத, ஓடி வந்துடு."

ஹால்

ஸ்கேனில் பார்த்தால், கட்டி மூச்சுக்குழாய் ஓரம்வரை போயிருந்தது. கட்டிக்குள் போட்ட முதல் ஊசியில் வடிந்தது, மறுபடி ரொம்பிவிட்டது. ரெண்டாவது ஊசிக்கு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆலங்காயத்திலிருந்து வந்த ஒரு பெண். அந்த வெயிலிலும் அவள் பிள்ளைக்குக் கழுத்து வரைக்கும் பட்டன். கட்டியை மறைக்க என்னிடமும் அப்படி ரெண்டு கவுன் இருக்கிறது. ஜெனியின் காலரைத் திறந்துவிட்டேன். அவள் எட்டிக் கட்டியைப் பார்த்தாள். என்ன வேலை என்று கேட்டாள், சொன்னேன்.

கம்பெனிக்கு லீவு சொன்னாலும் செக்கிங் வேலை என்னை விடுவதாக இல்லை.

அவள் ஒரே ஒரு பட்டனைக் கழட்டி, பிள்ளையை என் பக்கம் நீட்டினாள். "அக்கா, டாக்டர் கூப்பிடறதுக்குள்ள நீங்க ஒருவாட்டி தொட்டுப் பாருங்களேன்."