பின்சந்து

நான்கு பேரும் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, யாரும் சொல்லாமலே, பின்சந்துப் பக்கம் திரும்பினார்கள்.

"அங்க இல்லண்ணே," என்றாள் ஹெலன். "முன்வாசல் வழியா."

முன்னால் இருந்த துரைசாமி நின்றான். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நேரானது.

"பழக்கதோஷம் தங்கச்சி. இவன்கூட எப்ப வந்தாலும் இந்தச் சந்துதானே."

பெட்டிக்குள் இருந்தவன் அவள் கணவன் இன்பராஜ். தூக்கியவர்கள் அவனோடு வேலை செய்தவர்கள். நுரையீரல் போய்விட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, காலையில் உடலைக் கொடுத்தார்கள். வேலூர் கொசப்பேட்டையில் இருக்கும் இந்த வீடு அவனுடைய ஆயா வீடு, அம்மாவைப் பெற்றவளுடையது. தாய் தகப்பன் இல்லாமல் இங்கேதான் வளர்ந்தான். கல்லறைத் தோட்டத்தில் ஆயாவின் குழியைத் திறந்து வைத்திருந்தார்கள். அவளோடுதான் அவனையும் வைக்கவேண்டும். அதற்கு முன் வீட்டில் ஒரு ஜெபம்.

பதினேழு வயதில் ஆம்பூரில் ஒரு தோல்ஷாப்பில் சேர்ந்தான். முதலில் சுண்ணாம்புத் தொட்டி. ஊறிய தோலைத் தொட்டியிலிருந்து இழுத்துப் போடுகிற வேலை. பிறகு தோலைப் போட்டுச் சுற்றுகிற டிரம். சனிக்கிழமைகளில் ஆயாவிடம் வருவான். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குப் போகமாட்டான். கோட்டை மைதானத்தில் காற்று வீசுகிற பக்கமாக உட்கார்ந்திருப்பான், உடம்பில் ஏறிய தோல் நாற்றம் கொஞ்சம் கம்மியாகட்டும் என்று. ஆகாது. அப்புறம் சந்து வழியாக வந்து கொல்லைக் குழாயடியில் குளிப்பான். ஆயா அங்கே வாளியும் சீயக்காயும் மடித்த லுங்கியும் வைத்திருப்பாள். குளித்த பிறகுதான் வீட்டுக்குள் வரலாம். கூட வருகிற தோஸ்துகளுக்கும் அதே சட்டம். "தெருவுல நாலு ஜனம் இருக்குது," என்பாள். சோறு மட்டும் அவனுக்கு எப்போதும் ஜாஸ்தியாகவே வைத்தாள்.

கல்யாணத்தன்று சர்ச்சிலிருந்து மாலையோடு வந்தவன், ஏதோ பேசிக்கொண்டே ஹெலனையும் சந்துக்குள் கூட்டிப்போய்விட்டான். பன்னீர்ச் செம்போடு முன்வாசலில் நின்றவர்கள் தெருவைப் பார்த்தபடியே நின்றார்கள். ஹெலன் அந்த வீட்டில் முதலில் கால் வைத்தது குழாயடிப் பாசியில். வருஷக்கணக்காக இதைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். இன்பராஜும் சிரிப்பான். அவள் சிரித்ததில்லை.

இப்போது வீட்டில் இருப்பவன் டேனியல், இன்பராஜின் மாமா மகன். அவன் வாசலுக்கு வந்தான். கைக்குட்டை மூக்கில் இருந்தது.

"அக்கா, முன்னாடி வழி இல்ல. முன்ரூமை முனீர் பாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கோம், கதவை மறைச்சு மிஷினு போட்டிருக்கார். கொல்லையிலயே வெச்சு ஜெபம் பண்ணிடலாம்."

"இத்தனை வருஷம் கொல்லைதான். இன்னிக்கு ஒருநாள் வாசல்ல வரட்டும்."

"அத்தான் ஒருநாள்கூட அப்படிக் கேக்கலையே."

"அவர் கேக்கமாட்டார். நான் கேக்கறேன்."

தையல் மிஷின் ரிப்பேர் செய்யும் முனீர் அகமது உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "மிஷினுதானே டேனியல், யானையா கட்டி வெச்சிருக்கேன்?" ஒவ்வொன்றாகத் தெருவுக்கு இழுத்துப் போட்டார். தாழ்ப்பாள் துருவேறி இருந்தது. சுத்தியலால் அடித்தார். அது வளைந்துதான் விலகியது.

தெருவிலேயே இரண்டு மிஷின் மேஜைகளைச் சேர்த்து அவற்றின்மேல் பெட்டியை இறக்கி, தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்கள். மறுபடி தூக்கவேண்டும். துரைசாமி வாசற்படியைப் பார்த்தான். பிறகு தன் கையை மோந்து பார்த்தான். நான்கு பேரும் தோல்ஷாப்பில் ராத்திரி ஷிஃப்டு முடிந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்.

"ஒரு நிமிஷம் தங்கச்சி. இப்படியே உள்ள போனா ஆயா ஏசும்."

"ஆயா செத்து எவ்ளோ வருஷம் ஆச்சு?"

"தெரியும்," என்றான்.

நான்கு பேரும் சந்துக்குள் போனார்கள்.

பெட்டி தெருவில் இருந்தது. ஒரு ஆட்டோ ஹாரன் அடித்து, பிறகு அடிப்பதை நிறுத்தி, பின்னால் போயிற்று. கொல்லையில் வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. பெட்டியின் மூடிமேல் ஈ உட்கார்ந்தது. ஹெலன் முந்தானையால் விசிறினாள்.

போதகர் வந்தார். வானத்தைப் பார்த்தார். "மழை வரும் போலிருக்கே. இங்கயே ஆரம்பிச்சிடலாமா?"

"இல்லைங்க ஐயா. உள்ளதான்."

"தூக்க ஆள் இல்லையேம்மா."

"குளிக்கப் போயிருக்காங்க."

போதகர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்த நான்கு பேரும் முன்னறையில் தெரிந்தார்கள். ஈரத் தலை, ஈரச் சட்டை. வாசற்படிக்கு உள்பக்கம் நின்றுகொண்டு கைகளை நீட்டினார்கள்.

"நீங்க கொடுங்க. நாங்க வாங்கிக்கறோம்," என்றான் துரைசாமி.

வெளியே பெட்டியருகில் ஹெலனும் முனீர் அகமதுவும்தான், டேனியல் தள்ளி நின்றான். அவள் தலைமாட்டைப் பிடித்தாள். பெட்டி அசையவில்லை.

"டேனியல், பிடி."

அவன் கைக்குட்டையைப் பையில் வைத்தான். பிடித்தான். பெட்டி வாசற்படியில் ஒருமுறை இடித்து உள்ளே போயிற்று.

ஒரு ஜெபம், ஒரு பாட்டு. மழை தொடங்குமுன் அதே கதவு வழியாக வெளியே கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை டேனியல் முன்னறையை ஃபினாயில் ஊற்றி இரண்டு தரம் கழுவினான். காய்ந்ததும் முனீர் அகமது கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழாததால் கட்டையை முட்டுக்கொடுத்து, மிஷின்களைப் பழைய இடத்தில் போட்டார். மழையில் நனைந்த ஒன்றைக் கழற்றி எண்ணெய் விட்டார். துரைசாமி வேலைக்குப் போனான். இன்பராஜின் டிரம்மில் வேறு ஆள் நின்றான். ஹெலன் பையை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து, குழாயடியைத் தாண்டி, சந்து வழியாக நடந்துபோய் ஆம்பூர் பஸ் ஏறினாள்.