மாமா போட்ட ஜாயிண்ட்

எனக்கு வாய் நீளம். வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் இது. கோபம் வந்தால் யார், எவர் என்று பார்க்க மாட்டேன். கோபம் தணிந்த பிறகு பார்த்தால், பெரும்பாலும் அது தப்பான ஆள் மேல்தான் விழுந்திருக்கும். சாதாரணமாக மறுநாள் காலையில் நானே காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன், சரியாகிவிடும். மில்லில் நான் பேசியது காபியில் சரியாகிற பேச்சாக இல்லை.

ரெட்டியார்சத்திரம் தாண்டிக் கன்னிவாடி போகிற ரோட்டில் இருக்கிறது அந்த நூல் மில். அப்பா அங்கே ஃபிட்டர். நான் படிப்பை முடித்து, ஆலைகளுக்குக் கருவிகள் பொருத்திக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் சேர்ந்திருந்தேன். சேர்ந்த நாள் முதல் என்னை மேசையை விட்டு எழவிடவில்லை. சைட்டுக்குப் போவதெல்லாம் பையன்கள். அவர்கள் அனுப்பும் போட்டோக்களைப் பார்த்து நான் ரிப்போர்ட் தட்டிக்கொண்டிருப்பேன். "பொம்பளப்பிள்ளைய மில்லுக்கெல்லாம் அனுப்ப முடியாதும்மா" என்பார்கள், ஏதோ எனக்குச் சலுகை காட்டுவது போல. அந்த நேரத்தில்தான் இந்த மில்லிலிருந்து ஆர்டர் வந்தது. அப்பா மேனேஜரிடம் கெஞ்ச, மேனேஜர் எங்கள் கம்பெனியில் பேச, முதல் தடவையாக என்னைத் தனியாக அனுப்பினார்கள்.

வேலை இதுதான். மில்லில் ஒவ்வொரு மெஷின் வரிசைக்கும் ஒரு கரண்ட் மீட்டர் உண்டு. அவை அத்தனையும் இனி ஆபீஸ் கம்ப்யூட்டரில் தானாகத் தெரிய வேண்டும். மீட்டர்கள் பேசும் பாஷை வேறு, ஆபீஸ் நெட்வொர்க்கின் பாஷை வேறு. நடுவில் நின்று மாற்றிச் சொல்வதற்கு கேட்வே என்று ஒரு பெட்டி. என் டிபன் பாக்ஸைவிடச் சின்னதுதான். அதைப் பேனல் ரூமில் மாட்டி, எந்த மீட்டருக்கு எந்த எண், எந்த வேகத்தில் பேச வேண்டும் என்று லேப்டாப் வழியாகச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. மீட்டரிலிருந்து மீட்டருக்குத் தாவிக் கடைசியில் பெட்டிக்கு வந்து சேரும் கேபிளை இழுத்து, ஒவ்வொரு மீட்டரிலும் ஜாயிண்ட் போட்டவர் மாமா.

மாமா என்றால் மில்லின் எலெக்ட்ரீஷியன். பேகம்பூர்க்காரர். அப்பாவும் அவரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் எனக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவர் எனக்கு மாமா ஆகிவிட்டார். மில்லில் மற்றவர்களுக்கெல்லாம் பாய்.

அப்போது மில்லில் இரண்டாவது யூனிட் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதன் வயரிங்கைக் கோயம்புத்தூர் கான்ட்ராக்டருக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது மேனேஜரின் எண்ணம். இந்தப் புதுமாதிரி வேலையெல்லாம் மில் ஆட்களுக்கு வராது என்பது அவர் கட்சி. மாமா விடவில்லை. "இந்த மீட்டர் கேபிள நான் இழுத்துக் காட்டுறேன் சார். அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்று கேட்டு வாங்கியிருந்தார். கேபிள் சரியாக இருந்தால் இரண்டாவது யூனிட் அவர் கைக்கு வரும், கூடவே ஃபோர்மேன் என்கிற பேரும். நான் வேலைக்குப் போன அன்று காலையில் பஸ்ஸில் வரும்போதே அப்பா இதைச் சொல்லிவிட்டார். "மாமாவுக்கு இது பெரிய விஷயம், பாத்துக்க தாயி" என்றார்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. சாயங்காலம் பெட்டியில் பச்சை விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது, எல்லா மீட்டரும் திரையில் வந்து நின்றன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது அப்பா ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் குழைத்து எடுத்து வந்தார். அந்த மில்லில் பொட்டில்லாத சாமானே கிடையாது. நூற்கும் மெஷினிலிருந்து எடை போடுகிற தராசு, தீயணைக்கிற வாளி வரைக்கும் நெற்றி நிறைய வைத்துக்கொண்டு நிற்கும். பொட்டில்லாத மெஷினைத் தொட ஆட்கள் யோசிப்பார்கள். எனக்கோ பக்கத்தில் மேனேஜர் நிற்பதுதான் கண்ணில் பட்டது.

"பெட்டி மேல ஒண்ணும் பூசக் கூடாதுப்பா. கம்பெனி சாமான். வாரண்டி போயிரும்" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. மேனேஜர் சிரித்தார். அப்பா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் ஹெட் ஆபீசிலிருந்து அந்தத் திரையைத் திறந்து பார்ப்பதாக ஏற்பாடு. அப்பா முதல் ஷிஃப்ட்டுக்கு விடியலிலேயே போய்விட்டார். நான் பின்னால் போய் லேப்டாப்பைத் திறந்தால் ஒரு மீட்டர்கூட இல்லை. வரிசையாகக் கோடுகள்தான். பச்சை விளக்கு சிமிட்டவில்லை.

எண்களைப் பார்த்தேன். வேகத்தைப் பார்த்தேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். கேபிள் வந்து செருகியிருக்கும் பிளக்கை விரலால் அழுத்திப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தது. மேனேஜர் வந்து பின்னால் நின்றார். அவர் ஒட்டன்சத்திரம் பக்கம். திட்டினால்கூட மரியாதையாகத்தான் திட்டுவார். "ஏனுங்க மேடம், நேத்து வந்துச்சுங்களே?" என்றார். அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து, "செத்த நேரத்துல வந்துரும் சார், பாப்பா பாத்துக்கிரும்" என்றார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இனி நான் மேசைக்கே போக வேண்டியதுதான் என்று தோன்றியது.

"என் செட்டிங் எல்லாம் சரியா இருக்கு சார்" என்றேன். "ஜாயிண்ட்தான் லூஸ். மெஷின் அதிர்வுல விட்டுப்போயிருக்கும். சரியா டைட் பண்ணாம விட்டிருக்காங்க."

மாமா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். "டைட் பண்ணித்தானம்மா விட்டேன்" என்றார் மெதுவாக.

"அப்ப ஏன் மாமா வரல?"

அதோடு நிற்கவில்லை. எங்கள் கம்பெனி, மில் மேனேஜர் எல்லோரும் இருக்கிற வாட்ஸாப் குரூப்பில் தட்டிவிட்டேன்: மில் தரப்பு வயரிங்கில் கோளாறு, எங்கள் தரப்பில் தவறில்லை.

ஒரு ஜாயிண்ட் விட்டுப்போனால் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற மீட்டர்கள்தான் போகும். எல்லாமே ஒரே சமயத்தில் ஊமையானால் கோளாறு பெட்டி பக்கம். இந்த வேலையில் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே அதுதான். பதற்றத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. தெரிந்துதான் சொன்னேன்.

மாமா ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மெஷின்களுக்குள் போனார். ஓடுகிற மெஷின்களுக்கு நடுவே குனிந்து, ஒவ்வொரு மீட்டராகத் திறந்து, கழற்றி, மறுபடி முறுக்கி, பேனல் ரூம் வாசலுக்கு வந்து, "இப்ப வருதாம்மா?" என்று கேட்பார். "இல்ல" என்பேன். அடுத்த மீட்டருக்குப் போவார். தலை, புருவம் எல்லாம் பஞ்சு ஒட்டி வெளுத்துப்போய் அவர் மறுபடி மறுபடி வந்து நின்ற கோலம் இப்போதும் கண்ணில் இருக்கிறது. ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

வேறு வழி இல்லாமல்தான் கடைசியில் அந்தப் பிளக்கை வெளியே இழுத்தேன். உள்ளே மஞ்சளாக இருந்தது. பிளக் உட்காருகிற குழிக்குள் சந்தனம், நடுவில் ஒரு புள்ளி குங்குமம். பிளக்கை அதன் மேலேயே திரும்பச் செருகியிருந்ததால், ஊசி ஊசியாக இருக்கும் பின்களில் எல்லாம் சந்தனம் அப்பிக் காய்ந்து, வயருக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லாமல் செய்திருந்தது.

"எந்த அறிவுகெட்ட ஆளு இதுல சந்தனத்த வச்சது?" என்று கத்தினேன். மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்க வேண்டும், மேனேஜர் வந்துவிட்டார். மாமாவும் வந்தார். அப்பா ஏற்கெனவே அங்கேதான் இருந்தார். வலது கை மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டிருந்தார். மடக்குவதற்கு முன்னால் நகக்கண்ணில் இருந்த மஞ்சளை நான் பார்த்துவிட்டேன்.

அப்பாவின் வாய் திறந்து மூடியது.

"நாந்தாம்மா வச்சேன்" என்றார் மாமா.

மேனேஜருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாய், நீங்களா? உங்களுக்கு எதுக்குங்க சந்தனம்?"

"ஏன் சார், தர்காவுல சந்தனக்கூட்டுக்கு நாங்க பூசாத சந்தனமா? பிள்ள மொத மொத மாட்டுன பெட்டி, நல்லா இருக்கட்டுமேன்னு வச்சேன். தப்பாப்போச்சு."

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "ஒரு பிளக்குக்குள்ள சந்தனம் வைக்கற ஆளுங்க நீங்க. உங்கள நம்பி ஒரு யூனிட்டையே குடுக்கச் சொல்றீங்களே" என்றார். அப்பா அப்போதும் பேசவில்லை. நான் பிரஷ்ஷால் பின்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்பாதான் வைத்தார் என்று தெரிந்தால், அப்பா வேலை செய்கிற இடத்துக்கு மகளை அனுப்பியதே பிசகு என்பார்கள், அடுத்த சைட் எனக்குக் கிடையாது. துடைக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் இவ்வளவையும் யோசித்தேன். பிளக்கைச் செருகினேன். பச்சை விளக்கு சிமிட்டியது. மீட்டர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. "அருமைங்க மேடம்" என்று சொல்லிவிட்டு மேனேஜர் மாடிக்குப் போய்விட்டார்.

நாங்கள் மூன்று பேரும் பேனல் ரூமில் நின்றோம். அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார். "பொட்டில்லாம நின்னுச்சு, மனசு கேக்கல. வெளிய தெரிஞ்சா நீ வைவ. அதான் பிளக்கக் கழட்டி, உள்ள வச்சு மூடுனேன்." பிறகு மாமாவின் கையைப் பிடித்தார். "மச்சான், நான் போய்ச் சொல்லிர்றேன்."

"விடு மச்சான். பிள்ளைக்குக் கெட்ட பேரு வரக் கூடாதுல்ல. யூனிட் என்ன யூனிட்டு" என்றார் மாமா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ஜாயிண்ட்ல ஒண்ணும் கோளாறு இல்லியேம்மா?"

சந்தனப் பழியை அவ்வளவு லேசாகத் தூக்கிப் போட்டுக்கொண்டவர் இதை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. "ஒண்ணுமே இல்ல மாமா. ஒரு ஜாயிண்ட் கூட" என்றேன். சொல்லிவிட்டு விறுவிறுவென்று மாடிக்குப் போனேன்.

மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். வயரிங்கில் கோளாறு இல்லை, சந்தனம் வைத்தது மாமா இல்லை என்று.

"தெரியுமுங்க" என்றார் அவர். "உங்கப்பா கையப் பாத்தனே."

"அப்ப மாமாவுக்கு அந்த யூனிட்..."

"காலையில நீங்க போட்ட மெசேஜ அப்பவே ஹெட் ஆபீசுக்கு அனுப்பிட்டனுங்க. கோயம்புத்தூர் ஆளுங்களையே வரச் சொல்லிட்டாங்க. இனி மாத்திச் சொன்னா எல்லாருக்கும் அசிங்கமுங்க. விடுங்க."

வெளியே வந்து படிக்கட்டிலேயே நின்று குரூப்பில் எழுதினேன்: வயரிங்கில் எந்தக் கோளாறும் இல்லை, காலையில் நான் சொன்னது தவறு. யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் போட்டார். வேறு பதில் வரவில்லை.

கீழே மாமா பையைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார். ஷிஃப்ட் முடிந்தும் கிளம்பவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்துவந்தார். "என்னம்மா சொன்னாரு?" என்றார். யூனிட் என்ன யூனிட்டு என்று அவர் சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். அந்த முகத்தில் அவ்வளவு ஆசை இருந்தது.

"சார் போன்ல இருந்தாரு மாமா. பேச முடியல."

"அதுக்கென்ன, நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "மறக்காமச் சொல்லிரும்மா. ஜாயிண்ட்ல ஒண்ணுமில்லன்னு மட்டும் சொன்னாப் போதும். சந்தனத்தப் பத்திப் பேச வேணாம்."

சரி மாமா என்றேன்.