சம்பந்தி மூக்கில் பாரிஸ்

இன்று மகனுக்குப் பெண் பார்க்கக் கவுஞ்சி மலைக்கிராமத்துக்குப் போனோம்.

எங்கள் வீட்டுப் பரணில் பூண்டைப் புகை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறோம். உடுப்பெல்லாம் அதே வாடை. அதனால் நேற்றே கொடைக்கானல் ஏரிக்கரையில் ஒரு பாரிஸ் சென்ட் வாங்கினேன். நூறே ரூபாய்.

"அண்ணே, ஒரிஜினல்காரனே இத மோந்து பாத்துத்தான் செஞ்சான்," என்றார் கடைக்காரர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, உண்மைதான்.

காலையில் அரை பாட்டில் அடித்தேன். நான் ஏறியதும் பஸ்ஸே எழுந்து நின்றது. மரியாதை! ஜன்னலைத் திறக்க எழுந்தார்கள் என்கிறாள் மனைவி.

பெண்ணின் அப்பா என்னை இரண்டு முறை முகர்ந்தார்.

"பூண்டுக்காரருன்னு சொன்னாங்க. வாடையே காணோமே? நெசமாவே தோட்டம் கெடக்குங்களா?"

எனக்கு வியர்த்துவிட்டது. வியர்வையும் பாரிஸாகவே மணந்தது. சம்பந்தம் கைநழுவுகிற நேரம், மனைவி பையிலிருந்து என் பழைய மப்ளரை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இத மோந்து பாருங்கண்ணே."

முகர்ந்தவருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "அசல் மலைப்பூண்டு! வெரசா பூ வச்சிருவோம்."

மீதி அரை பாட்டில் இருக்கிறது. பூண்டு போடாத வீட்டில் சம்பந்தம் பேசுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தருகிறேன்.