இன்னும் இரண்டு அடி

அந்தக் காலத்தில் சந்தை மைதானத்தில் ஊர் பார்க்கச் சவுக்கடி கொடுப்பார்கள். கட்டப்பட்டவனின் நாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரின் வேலை. நாடி தளர்ந்தால் அவர் இடது கையைத் தூக்க வேண்டும், அடி நிற்கும்; மேற்பார்வைக்கு வரும் பெரிய டாக்டருக்கு அப்படிப் பாதியில் நிற்பது பிடிக்காது. கட்டிவைத்த பலகையைப் பார்த்து நிற்கும் கைதிக்கு அவர் முகம் தெரியாது, அவர் வெறும் மூன்று விரல்கள்.

யாரும் சொல்லிக்கொடுக்காத பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. கடைசி அடிக்கு முன்னால் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவார். இன்னும் ஒன்றுதான், பொறுத்துக்கொள் என்று அர்த்தம். சிறைக்குள் எல்லோருக்கும் இது தெரியும்.

ஒரே ஒரு தடவை எண்ணிக்கை தப்பியது. வேலைநிறுத்தத்துக்கு ஆள் சேர்த்த அச்சகத் தொழிலாளிக்குப் பன்னிரண்டு அடி. பத்தாவதுக்கு முன்பே கம்பவுண்டர் அழுத்திவிட்டார். அதுவரை வாய் திறக்காதவன், பத்தாவது விழுந்ததும் உடம்பைத் தளர்த்தினான். அடுத்த அடிக்கு "அம்மா" என்று அலறியதில் மைதானமே சிரித்தது. அன்று முதல் ஊருக்கு அவன் "அம்மாக்குட்டி".

அந்தச் சட்டம் ஒழிந்து முப்பது வருஷம் ஆயிற்று. மகள் தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளைக்கு அப்பா அந்த அச்சகக்காரர்தான் என்று தெரிந்ததிலிருந்து கம்பவுண்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்காருவார், எழுவார், ஜன்னலுக்குப் போவார்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு? அவர் வர்ற நேரம், கொஞ்சம் உட்காருங்கப்பா" என்றாள் மகள்.

கல்யாணத் தேதி பேச வந்த அச்சகக்காரர் கலகலப்பானவர்.

"என் பட்டப்பேரு தெரியுமில்ல சம்பந்தி? அதைச் சொன்னதுக்காகவே என் பையன் பள்ளிக்கூடத்துல நாலு பேரைக் கடிச்சு வெச்சான்." சிரிப்பு அடங்கியது. "அடிச்சவன் மேல கோவமில்ல. அது அவன் பொழப்பு. நாடி பிடிச்சானே ஒருத்தன், அவன் வேணும்னே ஏமாத்தினான். நாலு பேர் சிரிக்கணும்னு."

பேசாமல் இருந்திருந்தால் கல்யாணம் தன்பாட்டுக்கு நடந்திருக்கும். 'வேணும்னே' என்ற சொல்லைத்தான் கம்பவுண்டரால் விழுங்க முடியவில்லை.

"வேணும்னு செய்யல. எண்ணிக்கை தப்பிருச்சு. அது நான்தான்."

அச்சகக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "எப்படித் தப்பும்?"

"எட்டாவதுலயே உங்க நாடி தளர ஆரம்பிச்சிருச்சு. கையைத் தூக்கலாமா வேணாமான்னு யோசிச்சதுல கணக்கு விட்டுப்போச்சு."

"தூக்கியிருக்கலாம்."

"தூக்கியிருக்கலாம்."

அச்சகக்காரர் எழுந்து செருப்பை மாட்டினார். கதவருகே நின்ற பெண்ணிடம், "தேதி மாறாதும்மா. பத்திரிகையை நானே அடிச்சுத் தர்றேன். உங்கப்பா மேடையில என் பக்கத்துல மட்டும் நிக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்ப்பா தூக்கல?"

"பெரிய டாக்டர் பார்த்துக்கிட்டே இருந்தாரும்மா" என்றார் கம்பவுண்டர். "அப்பதான் எனக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது."