கண்ணுக்காக நின்ற பஸ்

திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்து கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு குச்சி என் வலது கண்ணில் குத்திவிட்டது. கூடலூரில் கண் சிவந்தால் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் விளக்கெண்ணெய் விட்டார். பிள்ளை பெற்றிருந்த கொழுந்தியாள் கிண்ணத்தில் தாய்ப்பால் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட என் கண்ணில் சில நாளில் வெள்ளை விழுந்து, பார்வை மங்கியது.

தேனி டாக்டரம்மா கருவியில் என் தாடையை வைக்கச் சொல்லிப் பார்த்தார். "கருவிழியில புண்ணு. பூஞ்சை பிடிச்சிருக்கு. மணிக்கொரு தடவ சொட்டு மருந்து விடணும். அசட்டையா இருந்தா பார்வை போயிரும். இனிமே வீட்டு மருந்து எதையாச்சும் ஊத்துனீகன்னா..." என்று கூட வந்திருந்த என் மனைவியை முறைத்தார். அன்றிலிருந்து என் மனைவி அந்த மருந்துப் பாட்டிலுக்குக் காவல்காரியானாள்.

அடுத்த பரிசோதனைக்குப் பஸ்ஸில் போனோம். சின்னமனூர் தாண்டியதும் மருந்து நேரம். குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டிய மருந்து அது. குலுக்குகிற வேலையைப் பஸ்ஸே பார்த்துக்கொண்டது. ஊற்றுவதுதான் நடக்கவில்லை. ஒரு சொட்டு என் மூக்கில் விழுந்தது, அடுத்தது முன் சீட்டுக்காரர் வழுக்கையில்.

"கண்டக்டரே, பஸ்ஸ நிப்பாட்டுங்க! இவுக கண்ணுல மருந்து ஊத்தணும்!" என்று கத்தினாள் என் மனைவி.

பஸ் நின்றது. நான் ஏனோ வாயையும் சேர்த்துப் பிளந்தேன். பின் சீட்டுப் பெரியம்மா, கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடம், "ஆத்தா, ரெண்டு சொட்டு பால் குடேன், பாவம்" என்றார். என் மனைவி திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

பிறகு நாங்கள் ஏறும்போதெல்லாம் கண்டக்டர், "டிரைவரண்ணே, கண்ணு ஏறிருச்சு!" என்று குரல் கொடுப்பார். வெட்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம். பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. தெரியாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று, நல்ல கண்ணை மூடிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

ஒருநாள் பஸ்ஸை நிறுத்தி மருந்து ஊற்றி முடிந்ததும் கண்டக்டர் திடீரென்று என் இடது கண்ணைப் பொத்தினார்.

"எத்தன விரலுண்ணே?"

அவர் மட்டுமா காட்டினார்? பஸ் மொத்தமும் கையைத் தூக்கியது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு டிரைவர்கூட.

"ஆளாளுக்குத் தூக்குனா எதையய்யா எண்ணுறது!" என்று எரிந்து விழுந்தேன். கத்திய பிறகுதான் உறைத்தது. புகைமூட்டமாகத்தான், ஆனாலும் அத்தனை விரலும் தெரிந்தன.

பஸ்ஸே விசிலடித்தது. என் மனைவி மட்டும் கையைத் தூக்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அவள் அழுவது அந்தக் கண்ணுக்கே தெரிந்தது.