அளவுத்தடியும் டேர்போவும்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. அதன்பிறகு எந்த வேலையும் என்னை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை. கல் உடைத்தேன், உப்பு அள்ளினேன், வவுனியாவில் ஒரு பேக்கரியில் மா குழைத்தேன். கடைசியில் முல்லைத்தீவில் மீன் வாங்கி விற்கும் ஓர் அக்காவின் ஜீப்புக்கு ஓட்டுநரானேன். வேலையோடு படுக்கையும் கிடைத்தது. படுக்கை என்றால் அந்த ஜீப்பின் பின்பக்கம்தான். மீன்பெட்டிகளை இறக்கிக் கழுவிவிட்டால் கால் நீட்டிப் படுக்கலாம். மணத்தைப் பற்றி இரண்டு கிழமைக்குப் பிறகு மூக்கு முறைப்பாடு செய்வதில்லை.

ஜீப் என்னைவிட வயதில் மூத்தது. டீசல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் முள் எப்போதோ செத்துப்போயிருந்தது. அதற்குப் பதில் ஒரு கிளுவந்தடி இருந்தது. அதைத் தாங்கிக்குள் விட்டு எடுத்து, எந்த வெட்டுவரை நனைந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெட்டுகள் லீற்றர்க் கணக்கல்ல, ஊர்க் கணக்கு. கீழ் வெட்டு நாயாறு. அடுத்தது நாயாறு போய்த் திரும்பி வர. அதற்கு மேல், நாயாறு போய் மீனோடு புதுக்குடியிருப்பு. எனக்கு முன்பு ஓட்டியவர் வெட்டியது. தடி ஒருநாளும் பிழைத்ததில்லை. கிழமைக்கு இவ்வளவுதான் டீசல் என்று பங்கு வைத்துக் கொடுத்த காலம் அது. தடி சொல்வதைத்தான் அக்காவும் கேட்பார், நானும் கேட்பேன்.

எங்கள் தொல்லை டீசல் அல்ல, மணல். நாயாற்றுக் கரையில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வீதிக்கு ஏறுவதற்குள் ஜீப் புதைந்துவிடும். கரையில் ஓர் அண்ணையிடம் லான்ட்மாஸ்டர் இருந்தது, பின்னால் பெட்டி பூட்டிய இரண்டு சில்லு உழவு இயந்திரம். கயிறு கட்டி இழுத்துவிடுவார். இழுப்புக்கு ஒரு பாரை மீன் கூலி. நான் புதைவதற்கு முன்பே அவர் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்.

"என்ன தம்பி, குமர்ப்பிள்ளை நித்திரையாப் போட்டாவோ?" என்று ஜீப்பின் மூக்கில் தட்டிக் கேட்பார்.

ஒரு நாள் இரண்டு தடவை புதைந்தோம். இரண்டு பாரை போயிற்று. அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"இனி ஒருக்கா உது நடந்தால் ஜீப்பை வித்துப்போடுவன். பிறகு நீ வேற கட்டில் பார்."

"எஞ்சினுக்குப் பலம் காணாது அக்கா. ஒரு டேர்போ போட்டால் மணலிலை பறக்கும்."

"எனக்குப் பறக்கத் தேவையில்லை. வீதிக்கு ஏறினாக் காணும்."

விசுவமடுவில் வாகனம் திருத்தும் ஒரு பாஸ் இருந்தார். உடைந்த வானிலிருந்து கழற்றிய டேர்போ ஒன்றைச் சாக்கில் சுற்றி வைத்திருந்தார். வெளியேறும் புகையே ஒரு சின்ன விசிறியைச் சுற்றும், அது எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் என்று சுளகால் புடைப்பதுபோல் கையை ஆட்டிக் காட்டினார்.

"காத்து கூட வந்தால் டீசலும் கூட வேணும் தம்பி. பம்பிலை ஒரு திருகாணி இருக்கு. அதையும் கொஞ்சம் திறந்து விடுறன்."

"அப்ப கூடக் குடிக்குமோ பாஸ்?"

"மெல்லமா மிதிச்சால் முந்தினதைவிடக் குறையத்தான் குடிக்கும். அமத்தினியெண்டால் கிணத்தையே குடிக்கும்."

இதில் முதல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்தேன். அக்காவிடம் அதைத்தான் சொன்னேன். அவர் காசு தந்தார், பாஸ் டேர்போவைப் பூட்டிவிட்டார்.

அடுத்த நாள் நாயாற்றில் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் காலை அடிவரை அமத்தினேன். விசில் ஒன்று கேட்டது. ஜீப் முன்னங்காலைத் தூக்கிய மாடுபோல எழும்பி, மணலைப் பிய்த்து எறிந்து, வீதியில் போய் நின்றது. லான்ட்மாஸ்டர் அண்ணை தோளில் கயிறோடு பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் கரும்புகை ஒரு மதில்போல நின்றது. அதற்குள்ளிருந்து கருவாடு காயவைத்த ஓர் அம்மா வெளியே வந்தார்.

"டேய்! கருவாட்டுக்குக் கரி பூசவோ வந்தனீ?"

நான் கை காட்டிவிட்டுப் போனேன். அவ்வளவு பலம் என் காலுக்குக் கீழே அதற்கு முன்பு இருந்ததில்லை. ஆகவே மணலில் மட்டுமல்ல, தார் வீதியிலும் அமத்தினேன்.

மூன்றாம் நாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். அக்கா விரதம். மீனைப் புதுக்குடியிருப்பில் குளிர் லொறிக்கு ஏற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து தோய்ந்து கோயிலுக்குப் போவதாகத் திட்டம். லொறிக்காரர் யாருக்கும் காத்து நிற்கமாட்டார் என்பதால் அக்காவும் ஜீப்பில் ஏறினார். காலையில் தடியை விட்டுப் பார்த்தேன். புதுக்குடியிருப்பு வெட்டுக்கு மேலே ஒரு விரல் நனைந்திருந்தது.

நாயாற்றில் மீன் ஏற்றிக்கொண்டு புதுக்குடியிருப்புக்குப் போகும்போது வட்டுவாகல் பாலத்தடியில் ஏதோ லொறி குறுக்கே நின்று வாகனங்கள் நெரிந்து கிடந்தன. வற்றாப்பளைப் பக்கத்தால் சுற்றிப் போக வேண்டியதாயிற்று.

"கோயிலடியாலை மச்சத்தோடை போறதோ? அம்மாளே! கெதியாக் கடந்து போடா."

கெதியாக என்றால் எனக்கு ஒரு வழிதான் தெரியும். அமத்தினேன். கோயில் சனம் தெரியத் தொடங்கிய இடத்தில் எஞ்சின் இரண்டு தரம் இருமியது. பிறகு நின்றுவிட்டது. தடியை விட்டேன். நுனிகூட நனையவில்லை.

"காலமை ஒரு விரல் மேலை எண்டு காட்டினியே!"

"தடி பழைய எஞ்சினுக்கு வெட்டினது அக்கா."

சொன்ன பிறகுதான் அது எனக்கே விளங்கியது.

ஐஸ் உருகி, மீன் தண்ணீர் வீதியில் கோடு போட்டுக்கொண்டு கோயில் பக்கமாகவே போனது. பானையும் விறகுமாகப் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஒரு வயதான அம்மா நின்றுவிட்டார்.

"அம்மாளின்ரை வாசலிலை மச்சமோ? ஆற்றை வாகனம் இது?"

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடினார். "தெரியாதம்மா. நானும் வழியிலை ஏறி வந்தனான்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. லான்ட்மாஸ்டர் அண்ணை, பெட்டி நிறையக் குடும்பத்தோடும் பொங்கல் பானையோடும், நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தார். வற்றாப்பளையில் கடல் தண்ணீரில் விளக்கெரிப்பது வழக்கம். அது அவருக்கு வசதியாகப் போயிற்று.

"அம்மாளுக்கு உப்புத் தண்ணியிலை விளக்கெரியுது. உன்ரை டேர்போவுக்கும் ஒரு கான் அள்ளிக்கொண்டு வரட்டோ?"

குடும்பமே சிரித்தது. ஆனாலும் இறங்கினார். தன் தாங்கியில் குழாயை விட்டு, வாயால் உறிஞ்சித் துப்பி, ஒரு சின்னக் கான் டீசல் தந்தார். அவருக்கும் அது பங்கு டீசல்தான்.

"ஒரு பாரை எடுங்கோ அண்ணை" என்றேன்.

"இண்டைக்கு நானும் விரதம். நாளைக்கு ரெண்டாத் தா." வாயைத் துடைத்தபடி டயரைக் காலால் உதைத்தார். "இவ்வளவு காத்தோடை மணலிலை இறங்கினால் புதையாமல் என்ன செய்யும்? கரையிலை கொஞ்சம் இறக்கிப்போட்டு, வீதிக்கு ஏறினாப் பிறகு அடிச்சால் காணுமே."

அக்கா முகத்திலிருந்து சேலையை எடுத்தார். "உதை முந்தியே சொன்னால் என்னவாம்?"

"சொன்னால் எனக்குப் பாரை ஆர் தாறது?"

டீசல் வற்றிய எஞ்சின் டீசல் ஊற்றியவுடன் வேலை செய்யாது. குழாய்களில் புகுந்த காற்றைக் கைப்பம்பால் அடித்து எடுக்க வேண்டும். எடுத்து முடிக்கக் கை மரத்துவிட்டது. அக்கா பக்கத்தில் ஏறி, என் வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டார். நான் கொஞ்சம் அமத்தினால் மேலே இழுத்தார். அப்படியே புதுக்குடியிருப்புவரை வந்தோம். விசிலும் இல்லை, புகையும் இல்லை. சைக்கிளில் போன ஒருவர் எங்களுக்கு வழிவிடப் பார்த்து, பிறகு யோசித்து, முந்திக்கொண்டு போனார்.

லொறிக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். வாயில் வந்தபடி ஏசினார். பெட்டிகளைத் திறந்து செவுளைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பெட்டியைத் தள்ளிவிட்டு மீதியை ஏற்றினார்.

நான் தடியை எடுத்துத் தாங்கிக்குள் விட்டேன். அந்தச் சின்னக் கானில் அவ்வளவு தூரம் வந்தும் நாயாறு வெட்டுவரை நனைந்திருந்தது. பழைய எஞ்சின் என்றால் காய்ந்திருக்கும். பாஸ் சொன்னதின் முதல் பாதியும் இரண்டாம் பாதியைப்போலவே உண்மை.

அக்கா தடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். நான் எங்கே படுக்கப்போகிறேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பேக்கரிக்காரர் இன்னும் என்மேல் கோபமாக இருப்பாரோ என்றும் யோசித்தேன்.

"கத்தியைத் தா" என்றார்.

தடியின் அடியில் ஒரு சாண் துண்டு நறுக்கினார். குனிந்து அதை எக்ஸிலேற்றர் மிதிக்குக் கீழே குறுக்காக வைத்து, வலை நூலால் தானே வரிந்து கட்டினார். மிதித்துப் பார்த்தேன். பாதியில் நின்றது.

"டேர்போ கிடக்கட்டும். கால்தான் எனக்கு வேண்டாம். இதோடை ஓடுறதெண்டால் ஓடு."

ஓடினேன். அடுத்த கிழமை புதுத் தடி வெட்டினோம். ஊர் ஊராகப் போய், நனைந்த இடம் பார்த்து நான் வெட்டுப் போட்டேன். ஒன்றை மட்டும் அக்கா தன் கையால் போட்டார், மற்றவற்றைவிட ஆழமாக. அது வற்றாப்பளை.