விட்டுப்போன ஒரு வளைவு

எங்கள் அப்பா நகை வைக்கிற மரப்பெட்டி செய்வார். மூடியில் பூவேலை செதுக்கி, கோயில் பக்கத்தில் ஒரு கடைக்குக் கொடுப்பார். செதுக்குவது அப்பா, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அத்தை. அத்தை அப்பாவுக்கு அக்கா; வாக்கப்பட்ட வீட்டிலிருந்து திரும்பி வந்து எங்களோடுதான் இருந்தார். எனக்கு ஒன்பது வயது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைவரை போவது என் வேலை. வீட்டிலேயே ரொம்ப உழைக்கிற ஆள் நான்தான் என்று நினைப்பு.

ஒரு நாள் கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

"அண்ணே, தாமரையும் கிளியும் பாத்துப் பாத்து எனக்கே கண்ணு பூத்துப்போச்சு. மதுரையில எந்தக் கடைக்குப் போனாலும் இதே கிளிதான் உக்காந்திருக்கு. வெள்ளிக்கெழமைக்குள்ள புதுசா ஒண்ணு கொண்டாங்க. இல்லாட்டி வேற ஆளப் பாத்துக்கிறேன்."

எங்கள் பெட்டியை வாங்க அவரை விட்டால் ஆள் கிடையாது. அப்பா புது டிசைன் தேடிக் கிளம்பினார். நோட்டைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். கோயிலில் தூண் தூணாகப் பார்த்தோம். அங்கே இருந்ததெல்லாம் ஏற்கெனவே யாரோ ஒருவருடைய பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. சிம்மக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைக் கரை பார்த்தோம். "எடுக்கப் போறீங்களா, சும்மா தடவிப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டார்கள். சமயநல்லூரில் ஒரு புது வீட்டு ஜன்னல் கம்பி அழகாக இருக்கிறது என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போய் எதிரே நின்று வரைந்தோம். வீட்டுக்காரம்மா எங்களைத் திருடர் என்று நினைத்து நாயை அவிழ்த்துவிட்டார். அப்பாவின் முகத்தைப் பார்த்து நாய்க்கே இரக்கம் வந்திருக்கும்போல. இரண்டு தடவை குரைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

புதன்கிழமை அப்பா எங்கேயும் போகவில்லை. வெறும் பலகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, பலகை எதுவும் பேசுதா?" என்றார் அத்தை.

"பேசுனாத் தேவலக்கா. என் ரெண்டு காலும் விட்டுப்போச்சு."

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் அத்தை ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினார். முழங்கைக்குக் கீழே அவர் பச்சை குத்தியிருந்த கோலம் அப்போதுதான் என் கண்ணில் பட்டது. புள்ளிகளைச் சுற்றிச் சுற்றி ஓடும் கோடு, கொடி மாதிரி. தினமும் பார்த்த கைதான், ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன். பட்டம் ஒட்டுகிற மெல்லிய தாளைக் கைமேல் விரித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பென்சிலால் அப்படியே எழுதி எடுத்தேன். ஒரு ஓரத்தில் மட்டும் கோடு பாதியில் நின்றிருந்தது. நானும் பாதியில் நிறுத்தினேன்.

தாளைப் பார்த்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இத எங்கடி பாத்த?"

"கோலத்துல."

நான் சொன்னது பொய்யும் இல்லை. அப்பா அதற்குமேல் கேட்கவில்லை. அக்காவின் அந்தக் கைதான் தினமும் அவர் தட்டில் சோறு வைத்தது. "ஒரு வளைவ விட்டுட்ட பாரு, கழுத" என்று சொல்லி, நின்றுபோன கோட்டைத் தானே இழுத்து மூடிவிட்டுச் செதுக்கத் தொடங்கினார்.

வெள்ளிக்கிழமை கடைக்காரர் மூடியைத் தடவித் தடவிப் பார்த்தார். "அண்ணே, இத எங்க புடிச்சீங்க?"

"எல்லாம் கோயில் தூண்லதான். நின்னு பாக்கணும்" என்றார் அப்பா, கூசாமல். இரண்டு டஜன் பெட்டி கேட்டார் கடைக்காரர். திரும்பும்போது அப்பா எனக்கு ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். மூன்று நாள் கால்வலி அதிலேயே போனது, எனக்கு மட்டும்.

அப்புறம் அத்தைக்குத்தான் வேலை. ஒன்று மாற்றி ஒன்றாக மூடி வந்துகொண்டே இருந்தது. தேய்த்துத் தேய்த்து அத்தையின் விரல் நுனி வெளுத்துப்போனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தூள் ஊதினேன்.

"பச்சை குத்துனவகூட இம்புட்டு அழுத்தலடி" என்றார் திடீரென்று. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க தூங்கலையா அத்தை?"

"கையில உழுதா எவ தூங்குவா?"

"ஏன் பாதியில நிக்குது?"

"திருவாதவூர்ல மரத்தடியில குத்திக்கிட்டு இருந்தேன். பொண்ணு பாக்க வந்துட்டாகன்னு வந்து இழுத்துட்டுப் போயிட்டாக. மிச்சத்த நாளைக்குக் குத்திக்கலாம்னாக." கையை உதறிக்கொண்டார். "நாளைக்குக் கல்யாண வேலை வந்துருச்சு."

மூடியில் கோட்டோடு விரலை ஓட்டினார். அப்பா இழுத்து மூடிய வளைவில் விரல் எங்கேயும் நிற்காமல் சுற்றி வந்தது. இன்னொரு தடவை ஓட்டினார். பிறகு அப்பாவின் பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, தன் கையில் விட்டுப்போன வளைவை வரைந்தார். கையைத் தள்ளி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, ஆச்சா? அம்புட்டையும் நாளைக்குக் கொடுக்கணும்" என்று உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"ஆச்சு தம்பி, வாரேன்" என்று சொல்லி, அத்தை முந்தானையால் அந்தக் கோட்டைத் துடைத்துவிட்டார்.

"ஏன் அத்தை அழிச்சீங்க? நல்லாத்தான இருந்துச்சு?"

"பெட்டிக்கு நல்லாருக்கு தாயி" என்று அடுத்த மூடியை எடுத்தார்.

பென்சில் கோடு நிற்காது என்பதுதான் அத்தையின் குறை என்று எனக்குப் பட்டது. அழியாத மைப் பேனா இரவல் கேட்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினேன்.